மில்ஸ் வார் ஈகிள் 1931: மூன்றாவது ரீல் நிற்கவில்லை, பரிசும் குறைகிறது. உதவுங்கள்

ஃப்ரீமாண்ட்வாசி:
வணக்கம் நண்பர்களே. கலிபோர்னியாவில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு வீட்டின் சாமான்களை மொத்தமாக விற்றார்கள். அங்கே ஒரு பழைய ஸ்லாட் மெஷின் (காசு போட்டு ஆடும் சூதாட்டப் பெட்டி) வாங்கினேன். சிகாகோ மில்ஸ் நாவல்டி கம்பெனியின் வார் ஈகிள், 5 சென்ட் காசில் ஓடுவது. முகப்பில் சிறகு விரித்த கழுகு. வண்ணம் பாதி உதிர்ந்திருக்கிறது. பல வருடமாக ஆசைப்பட்ட பொருள்.

இரண்டு பிரச்சினை. காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் ரீல்கள், அதாவது படம் ஒட்டிய மூன்று உருளைகள், சுற்றும். முதல் இரண்டு ரீலும் 'டக், டக்' என்று நிற்கின்றன. மூன்றாவது நிற்காமல் சுற்றி, தானாகத் தளர்ந்து, இரண்டு படங்களுக்கு நடுவில் போய் நிற்கிறது. எப்போதாவது சரியாக நின்றால் பரிசு குறைகிறது. மூன்று ரீலிலும் ஆரஞ்சுப் படம் வந்தால் 10 காசு என்று முகப்பு அட்டை சொல்கிறது, எனக்கு விழுந்தது 6.

துரு நீக்கும் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தேன். ஒரு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் முன்பைவிட மோசம். என்ன செய்யலாம்? வண்ணத்தையும் புதிதாக அடித்துவிடலாமா?

கடிகாரப்பிரியன்:
தம்பி, முதலில் ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். அது பழைய பிசினை இளக்கி ஒரு நாள் ஓட வைக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து இன்னும் கெட்டியாகும். வருகிற மெஷின்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

இந்த மெஷினுக்குள் மின்சாரம் கிடையாது. கைப்பிடியை இழுக்கும்போது ஸ்பிரிங்குகள் இழுபடும், ரீல்கள் உதைபட்டுச் சுற்றும். ஸ்பிரிங் திரும்பி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி. அதைத்தான் நாங்கள் கிளாக் என்போம். அதன் நுனியில் ஒரு குட்டி விசிறி சுழலும். கிளாக் ஓட ஓட மூன்று நிறுத்துக் கைகளும் ஒவ்வொன்றாக விடுபட்டு, ரீலோடு இருக்கும் 20 பல் நட்சத்திரச் சக்கரத்தில் விழும். மூன்றாவது விழவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று.

பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது ரீல் சுற்றும்போது விசிறி பாதியிலேயே நின்றுவிட்டதா, முழுதாக ஓடி முடித்ததா? பாதியில் நின்றால் கிளாக் பிசுபிசுத்திருக்கிறது. ஓடி முடித்தும் கை விழவில்லை என்றால் அந்தக் கையின் அச்சு இறுகியிருக்கிறது, அல்லது அதன் ஸ்பிரிங் கழன்றிருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். கைப்பிடி பாதியில் மாட்டினால் பலமாக இழுக்காதீர்கள். முழுதாக இழுத்தால்தான் திரும்பும்படி உள்ளே ஒரு பூட்டுப்பல் உண்டு. அது உடைந்தால் பெரிய வேலை. கைப்பிடி பாதியில் இருக்கும்போது எந்திரத்தை வெளியே எடுக்கவும் கூடாது. அந்த ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும்.

ரீனோக்காரர்:
வண்ணத்தைத் தொடாதீர்கள், தயவுசெய்து! இதைக் கெஞ்சியே கேட்கிறேன். 1934-ல் நியூயார்க் மேயர் லகார்டியா ஸ்லாட் மெஷின்களைப் பிடித்துச் சம்மட்டியால் உடைத்துக் கடலில் தள்ளினார். அப்படி அழிந்தது போக மிச்சம் இருப்பவை இவை. அதிலும் சுத்தமாகத் தேய்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்தவை நிறைய, முகப்பையே புதிதாக வார்த்து மாட்டியவையும் உண்டு. தொழிற்சாலை வண்ணம் பாதியாவது இருக்கிற மெஷின்தான் அரிது. ஈரத் துணியால் தூசியை ஒற்றி எடுங்கள், போதும்.

சட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். கலிபோர்னியாவில் 25 வருடத்துக்கு மேல் பழைய மெஷினைச் சேகரிப்பாக வைத்திருக்கலாம், சூதாட்டத்துக்கு ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். வேறு மாநிலத்துக்கு விற்கவோ அனுப்பவோ போனால் அந்த மாநிலச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

ஃப்ரீமாண்ட்வாசி:
ரொம்ப நன்றி ஐயா. பார்த்தேன். விசிறி பாதியில் நின்றுவிடுகிறது. விரலால் லேசாகத் தட்டினால் மறுபடி ஓடி, மூன்றாவது ரீல் உடனே நிற்கிறது. சக்கரங்களின் அச்சில் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஒட்டியிருக்கிறது.

கடிகாரப்பிரியன்:
அதேதான். கிளாக்கைக் கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளித் திண்ணையில், நெருப்பு இல்லாத இடத்தில், மினரல் ஸ்பிரிட்ஸில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) ஊற வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு அச்சு முனையிலும் கடிகார எண்ணெய், ஊசி நுனியில் நிற்கிற அளவு. சக்கரப் பற்களில் எண்ணெயே வேண்டாம். ரீல் மேல் படம் இருப்பது காகிதப் பட்டை. அதன் மேல் ஒரு சொட்டு பட்டாலும் கறை போகாது.

பரிசு குறைவதற்குக் காசுக் குழாயைப் பாருங்கள். காசுகள் அதில் அடுக்காக நிற்கும், அடியில் உள்ள தகடுகள் விலகி எத்தனை காசு விழ வேண்டுமோ அத்தனையை விடும். அடுக்கில் காசு குறைவாக இருந்தாலும், வளைந்த காசு ஒன்று நடுவில் சிக்கியிருந்தாலும் பாதிதான் விழும். குழாயை முழுவதும் காலி செய்து ஒவ்வொரு காசையும் கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். இன்றைய 5 சென்ட் காசு அப்போதைய அதே அளவுதான், தாராளமாகப் போடலாம்.

ஃப்ரீமாண்ட்வாசி:
இரண்டு சனிக்கிழமை ஆயிற்று, முடித்துவிட்டேன். கழுவிய ஸ்பிரிட் தேநீர் நிறத்தில் வந்தது. இப்போது கைப்பிடியை இழுத்தால் விசிறி ஒரே சீராக 'விர்ர்' என்று ஓடி முடிகிறது. மூன்று ரீலும் இடமிருந்து வலமாக வரிசையாக நிற்கின்றன. நேற்று ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டினேன், ஒரு தடவை கூடத் தவறவில்லை.

குழாயில் கீழிருந்து ஏழாவதாக ஒரு எருமைக் காசு. ஒரு பக்கம் எருமை, மறுபக்கம் செவ்விந்தியர் தலை; தேய்ந்து வருடம் தெரியவில்லை. ஓரம் லேசாக வளைந்து குழாய்ச் சுவரில் குத்தி நின்றிருந்தது. அந்தக் காசு அச்சானது 1938-ல் நின்றுவிட்டது என்று படித்தேன். யார் எந்த இரவில் போட்டார்களோ! அதை எடுத்ததும் ஆரஞ்சுக்குப் பத்துக் காசும் முழுசாக விழுந்தது.

வண்ணத்தைத் தொடவில்லை ஐயா. தூசி மட்டும் ஒற்றி எடுத்தேன், சிறகின் ஓரத்தில் சிவப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: பின்கதவுப் பூட்டுக்குச் சாவி இல்லை. பூட்டை மாற்றாமல் பழைய பூட்டுக்கே சாவி செய்துகொள்ள முடியுமா?

ரீனோக்காரர்:
முடியும். பூட்டை மட்டும் கழற்றி, பழைய பூட்டு வேலை தெரிந்த சாவிக்காரரிடம் கொண்டு போங்கள். துளைபோட விடாதீர்கள். பூட்டின் முகத்தில் எண் ஏதாவது பொறித்திருந்தால் அதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.