ஸ்ட்ரீமரா, கணினியா?

கேள்வி: என்னிடமுள்ள குறுந்தகடுகளையெல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) கோப்புகளாக மாற்றிவிட்டேன். மடிக்கணினியை யுஎஸ்பி வழியாக டிஏசியுடன் (டிஜிட்டல் இசையை அனலாக் ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவி) இணைத்துக் கேட்கையில், ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் எழுகிறது. கணினிக்குப் பதிலாக, இசையை இயக்குவதற்கென்றே உள்ள ஸ்ட்ரீமர் என்ற தனிக் கருவியை வாங்குவது நல்லதா?

மறுமொழி 1: முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்; இரைச்சல் மறைந்தால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான் (கருவிகளின் தரை இணைப்புகள் வழியே சுற்றும் தேவையற்ற மின்னோட்டம்), அதற்கு மின்தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் யுஎஸ்பி ஐசொலேட்டரே போதும் (மலிவானவை பல நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், உங்கள் டிஏசிக்கு அது போதுமா என்று பார்த்து வாங்குங்கள்). குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீத இசையை விண்டோஸ் 48 ஆக மாற்றி அனுப்பக்கூடும் என்பதால், பிளேயரில், இசையை மாற்றாமல் நேராக டிஏசிக்கு அனுப்பும் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையையும் தேர்ந்தெடுங்கள்.

மறுமொழி 2: ஒலித்தரத்தைப் பொறுத்தவரை மேற்சொன்னது சரியே. ஆனால், கணினியின் புதுப்பிப்புகளோடும் விசிறிச் சத்தத்தோடும் மல்லுக்கட்டி அலுத்துப்போய், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் வாலுமியோ என்ற இசை மென்பொருளை நிறுவி அதே டிஏசியுடன் இணைத்துவிட்டேன். இப்போது கைப்பேசியிலிருந்தே இயக்குகிறேன்.

கேட்டவர்: சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது. ஐசொலேட்டரே வாங்குகிறேன்.