தோட்டத்துக்குப் பூட்டு போட்டோம், ஆள் வருவது நின்றுவிட்டது

வியாசை_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இருபதுக்கு அறுபது அடி இடம் ஒன்று பல வருடமாகக் குப்பையும் கட்டட இடிபாடுமாகக் கிடந்தது. ஆனி மாதம் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்தோம். ஒரு கல்லூரியிலிருந்து என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பிள்ளைகள் ஒரு நாள் வந்து செங்கல் துண்டு, கண்ணாடிச் சில்லு, பாலிதீன் எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு குட்டியானை வண்டி செம்மண், ஒரு வண்டி மாட்டெரு வாங்கிப் போட்டோம். வண்டி உள்ளே வர வழியில்லாததால் தெரு முனையிலிருந்து மண்ணைச் சட்டியில் சுமந்தது யார் என்றால், பக்கத்து மைதானத்தில் கால்பந்து ஆடும் பையன்கள். பத்துப் பதினைந்து பேர். என் மகனும் அதில் ஒருவன், பத்தாவது படிக்கிறான். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே புரியும்.

ஆடிப்பெருக்கன்று விதைத்தோம். வெண்டை, கத்தரி, சிறுகீரை, அவரை, ஓரத்தில் ஒரு சுரைக்கொடி. கீரை நன்றாக வந்தது. வீட்டுக்கு ஒரு கட்டு கொடுத்தோம். வெண்டை முதல் காய்ப்பைப் புரட்டாசி முதல் சனிக்கிழமை தளிகைக்கு எல்லா வீட்டுக்கும் பங்கு வைக்கலாம் என்று பறிக்காமல் விட்டிருந்தோம். சனிக்கிழமை விடிந்து போய்ப் பார்த்தால் செடியில் ஒரு காய் இல்லை. பிஞ்சைக்கூட விடவில்லை.

அன்றைக்கே கூட்டம் போட்டுப் பேசி, வேலிக் கதவுக்குச் சங்கிலியும் பூட்டும் போட்டாயிற்று. மூன்று சாவி. அதற்கப்புறம்தான் பிரச்சினை. பந்து உள்ளே விழுந்தால் பையன்கள் முன்பு கதவைத் திறந்து எடுத்துப் போவார்கள். இப்போது வேலி ஏறிக் குதிக்கிறார்கள். நான்கு கத்தரிச் செடி முறிந்தது. ஒரு அண்ணன் அவர்களைத் திட்டினார், அவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். இப்போது தோட்டத்துக்கு வருவது நாங்கள் நான்கு பெண்கள் மட்டும். காலை ஆறு மணிக்கு அடிபம்பிலிருந்து இருபது குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் என் மகன் நின்று பார்க்கிறான், உள்ளே வரமாட்டேன் என்கிறான். மண் சுமந்த பிள்ளை அவன்.

பூட்டை எடுத்தால் காய் போகும். பூட்டு இருந்தால் ஆள் வரமாட்டார்கள். இதுபோல் பொதுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

இன்னொன்று, சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. பிஞ்சு விடுகிறது, ஆனால் பாக்கு அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் பற்றவில்லையா?

ஆதம்பாக்கம்_மாடி:

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் தெருவிலும் ஒரு காலி மனையில் சொந்தக்காரரிடம் கேட்டு நான்கு வருடமாகப் போட்டு வருகிறோம். முதல் வருடம் எங்களுக்கும் தக்காளி போனது. நாங்களும் பூட்டினோம். ஒரு மாதத்தில் எட்டுப் பேர் மூன்று பேர் ஆனோம்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். வேலிக்கு வெளியே, நடைபாதை ஓரமாக ஒரு பாத்தி போட்டோம். கறிவேப்பிலை இரண்டு, பொன்னாங்கண்ணி, புதினா, பச்சை மிளகாய். இது யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று ஒரு பலகையில் எழுதிக் கட்டினோம். அவசரத்துக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாம் அதில் பறித்துக்கொண்டார்கள். எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் தினமும் போகிற போக்கில் அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் காயும் அதற்குப் பிறகு அவ்வளவாகப் போகவில்லை. இப்போது எங்கள் கதவில் கொக்கி மட்டும்தான், அதுவும் மாடு நுழையாமல் இருக்க.

அப்புறம், வெண்டையை எடுத்தது யாரென்று தேடாதீர்கள் அம்மா. ஒரே குடியிருப்பில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தால் அது தோட்டத்தோடு நிற்காது.

பெரம்பூர்_ராஜா:

நான் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பூட்டு இருக்கட்டும். மாதக்கணக்கில் தண்ணீர் சுமந்தவர்கள் பறிப்பதற்கு முன்னால் வேறு யாரோ எடுத்துப் போவது நியாயமில்லை. ஆனால் மூன்று சாவி போதாது. ஒரு சாவியைப் பையன்கள் கையில் கொடுங்கள்.

கொளத்தூர்_பெரியவர்:

அம்மா, நான் தோட்டக்கலைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் சுரைக்காய்க்கு வருகிறேன்.

உரத்தில் குறை இல்லை. இன்னும் உரம் போட்டால் கொடிதான் ஓடும். சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவுக்கு நீளமான மெல்லிய காம்பு மட்டும் இருக்கும். பெண் பூவுக்கு அடியில் பூ விரிவதற்கு முன்பே சின்னப் பிஞ்சு இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு நீங்கள் சொல்கிறபடி மஞ்சளாகி உதிரும். பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், தேனீ பார்த்துக்கொள்ளும். சுரைப் பூ வெள்ளை, சாயங்காலம்தான் விரியும். அதைத் தேடி வருவது பெரும்பாலும் அந்துப்பூச்சி. நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவில் அது போதுமான அளவு வருவதில்லை.

கையாலேயே சேர்த்துவிடலாம். பொழுது சாய்ந்ததும், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் மஞ்சள் பொடி தெரிகிற தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக நாலைந்து தடவை தொட்டு எடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். சேர்ந்திருந்தால் சில நாட்களிலேயே பிஞ்சு பருக்கும், காம்பு கீழே வளையும்.

நீங்கள் நான்கு பேரும் காலையில் வருகிறீர்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த இடத்தில் இருப்பது யார்? பந்து விளையாடி முடித்த பையன்கள். இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். உதவிக்கு வா என்று கூப்பிடாதீர்கள். இது உன் வேலை, உன்னை நம்பித்தான் காய் நிற்கிறது என்று சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஐப்பசி பிறக்கப் போகிறது. சென்னைக்கு வருடத்தில் விழுகிற மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2023இல் மிக்ஜாம் புயலின்போது டிசம்பர் 3, 4 தேதிகளில் என்ன ஆனது என்று வடசென்னையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போதே பாத்திகளை ஒரு அடிக்கு உயர்த்துங்கள். நடுவில் வாய்க்கால் விட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறதோ அந்தப் பக்கம் திறந்துவிடுங்கள். வேரைச் சுற்றி இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலே கத்தரி தலை தொங்கிவிடும்.

இந்த மழையில் சிறுகீரை விதைக்காதீர்கள், விதை அடித்துப் போகும், முளைத்ததும் அழுகும். அதற்குப் பதில் பசலைக் கொடி, பொன்னாங்கண்ணி, வல்லாரை வையுங்கள். மூன்றும் தண்டு ஒடித்து நட்டாலே வரும், ஈரம் பிடிக்கும். அவரையைத் தொடாதீர்கள். ஆடியில் போட்ட அவரை பனிக்காலத்தில்தான் முழுசாகக் காய்க்கும், தை வரை கொடுக்கும். தக்காளி, கத்தரிக்குக் கார்த்திகைக் கடைசியில் குழித்தட்டில் நாற்று விட்டால் மழை ஓய்ந்ததும் எடுத்து நடலாம்.

பந்து வரும் பக்கம் ஆடாதொடையை வேலியாக நடுங்கள். போத்து வெட்டி இந்த மழையில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். ஆடு தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயர். உங்கள் பகுதியில் ஆடு திரியும், அதற்கும் ஆயிற்று. பந்து மோதினாலும் தாங்கும்.

தண்ணீர் டிரம் வைத்திருந்தால் துணி கட்டி மூடுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், எட்டுப் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தோட்டத்தால் கொசு வருகிறது என்று யாராவது புகார் கொடுத்தால் உங்கள் உழைப்பு எல்லாம் வீண்.

என்எஸ்எஸ்_பழைய_மாணவன்:

அக்கா, நான் மூன்று வருடம் முன்பு வரை என்.எஸ்.எஸ்.சில் இருந்தேன். உங்கள் பதிவில் "ஒரு நாள் வந்து" என்ற இடத்தைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்களும் அப்படித்தான் ஒரு நாள் போவோம், பேனர் கட்டுவோம், குழிதோண்டிக் கன்று நடுவோம், படம் எடுப்போம், பஸ் ஏறுவோம். அந்தக் கன்றுகளில் எத்தனை பிழைத்தது என்று திரும்பிப் போய்ப் பார்த்ததே இல்லை. இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

என்.எஸ்.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியரை நேரில் பார்த்துக் கேளுங்கள், எழுபது பேர் வேண்டாம், சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் ஐந்து பேர் போதும், அதே ஐந்து பேர் ஆறு மாதம் வரட்டும் என்று. மணிக்கணக்குக்கு ஒரு நோட்டு போட்டு நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் மணி கணக்குக் காட்ட இடம் தேவை.

அந்த ஐந்து பேரில் கால்பந்து ஆடத் தெரிந்த ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. வியாசர்பாடிக்குக் கால்பந்து என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இடம் யாருடையது, போர்டுக்கா, மாநகராட்சிக்கா? எதுவாக இருந்தாலும் கையால் எழுதின மனுவாவது ஒன்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வார்டு கவுன்சிலரிடமும் சொல்லி வையுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வளர்த்த தோட்டத்தை ஒரே காலையில் ஜேசிபி வைத்து வாரியதை நான் பார்த்திருக்கிறேன்.

வியாசை_தையல்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பெரியவர் எழுதியதை என் மகனிடம் போனில் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் சாவியைக் கேட்டான். அவனும் அவர்கள் டீமின் கோல்கீப்பர் பையனும் வந்தார்கள். அந்தப் பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும், கையில் இன்னும் கிளவுஸ். பந்தலுக்குக் கீழே இருட்டிவிட்டது, என் மகன் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டான். வெள்ளைப் பூ எல்லாம் அப்போதுதான் விரிந்து நின்றது. கீப்பர் பையன் கிளவுஸைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்தான், "அக்கா இதுக்கு அடியில காய் இருக்கு, இதுக்கு இல்ல" என்று அவனே கண்டுபிடித்தான். இதழை உரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டான். விரல் நுனியெல்லாம் மஞ்சள். ஏழு பூவுக்குச் செய்தான். எது எது என்று தெரிய நான் ஜாக்கெட்டுக்கு வைத்திருந்த சிவப்பு நூலை ஒவ்வொரு காம்பிலும் தளர்வாகக் கட்டினோம்.

நான்காம் நாள் அவன் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தான். ஏழில் ஐந்து பருத்துவிட்டது. அன்றைக்கு அவன் போய் மைதானத்தில் சொன்னதில் மொத்த டீமும் வந்துவிட்டது, நிற்க இடமில்லை.

பூட்டு இன்னும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. இரவில் மட்டும் போடுகிறோம். காலை ஆறு மணிக்கு நாங்கள் திறக்கிறோம், சாயங்காலம் பூ வேலை முடித்துப் பையன்கள் பூட்டுகிறார்கள். ஒரு சாவி கீப்பர் வீட்டில். திட்டிய அண்ணனுக்கு முதலில் இதில் இஷ்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை பாத்தி உயர்த்தும்போது அவரும் மண்வெட்டி எடுத்து வந்தார், பையன்களோடு பேசவில்லை, ஆனால் அவர்கள் வெட்டிய வாய்க்காலை அவர்தான் சரி செய்து கொடுத்தார். கோல்போஸ்ட்டுக்கு நேராக இருந்த கத்தரிப் பாத்தியை எடுத்து வேறு பக்கம் மாற்றிவிட்டோம். அங்கே பந்து வரத்தான் செய்யும், அது அவர்கள் இடம்.

வெளிப் பாத்தியும் போட்டாயிற்று. கறிவேப்பிலைக் கன்று ஒன்று, பச்சை மிளகாய் ஆறு. வெண்டை மறுபடி காய்க்கிறது. யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி போன வாரம் தானாக வந்து, வீட்டில் சேர்த்த முட்டை ஓட்டையும் டீத்தூளையும் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனார்.

மனு எழுதிக் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டேன் தம்பி. கல்லூரிக்கு இந்த வெள்ளிக்கிழமை போகிறேன்.

ஆதம்பாக்கம் அம்மா, உங்களிடம் பசலைத் தண்டு இருக்குமா? சிவப்புத் தண்டு என்றால் நல்லது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலில் வந்து வாங்கிக்கொள்கிறேன், பையன்கள் இரண்டு பேர் கூட வருகிறோம் என்கிறார்கள். உங்கள் தோட்டத்தையும் பார்க்க வேண்டுமாம்.

ஆதம்பாக்கம்_மாடி:

சிவப்பும் இருக்கிறது, பச்சையும் இருக்கிறது. பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்குங்கள். பையன்களைச் சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள், இட்லி ஊற்றி வைக்கிறேன்.