ஆதார் நகல் கசிவது யாரால்? நம் அலட்சியமா, கேட்பவர்களின் பிடிவாதமா?

கரிசல்ராஜா:
அப்பாவின் பென்ஷன் வேலையாக ஊரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் போல்டரில் வரிசையாக ஊர்க்காரர்களின் இ-ஆதார் கோப்புகள். அதற்குக் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள், அப்புறம் பிறந்த வருடம். தெரிந்தவர் என்றால் யாரும் திறந்துவிடலாம். பக்கத்திலேயே யாருடைய வாட்ஸ்அப் வெப்போ லாகவுட் செய்யாமல் கிடந்தது. கோப்பை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. தப்பு நம் மேல்தான்.

மீனா_திருச்சி:
ஒத்துக்கொள்ள மாட்டேன், ராஜா அண்ணா. எத்தனை வீட்டில் பிரிண்டர் இருக்கிறது? நகலை ஓயாமல் கேட்பவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரு லாட்ஜில் மாஸ்க்டு ஆதாரை நீட்டினேன், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிவது. முழு எண் இருந்தால்தான் ரூம் என்றார்கள். ராத்திரி பத்து மணி, இடுப்பில் குழந்தை. கொடுத்தேன். இது என் அலட்சியமா?

கரிசல்ராஜா:
வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ கொடுத்திருக்கலாமே அம்மா. ஆதார்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

செந்தில்வேலன்:
மீனா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே எச்சரித்தது: நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டரில் இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. மக்கள் யார் பேச்சைக் கேட்பது?
தெலங்கானாவில் 2018-ல் ஒருவர், நிலப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை ரப்பர் அச்சாக்கி சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். பத்திரத்தில் ரேகை வைத்தவர் என்ன அலட்சியம் செய்தார்?

கரிசல்ராஜா:
அதற்கும் வழி இருக்கிறது. வங்கிப் பெயர், ஆதார் எண், கைரேகை மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலே மைக்ரோ ஏடிஎம் என்ற கையடக்கக் கருவியில் யாரும் நம் பணத்தை எடுத்துவிடலாம். ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக் லாக், அதாவது கைரேகைக்குப் பூட்டு, போட்டுவிட்டால் அந்த ரேகை வேலை செய்யாது. இதை நாம்தானே செய்ய வேண்டும்?

மீனா_திருச்சி:
எங்கள் அப்பத்தா லாக் போட்டால் ரேஷன் கடையில் அரிசி வாங்குவது எப்படி? அங்கேயும் அதே கைரேகைதான். ஒவ்வொரு மாதமும் லாக்கைத் திறந்து மூட அவருக்கு ஸ்மார்ட்போனும் இல்லை, பழக்கமும் இல்லை. நீங்கள் சொல்லும் வழியெல்லாம் படித்தவர்களுக்கானது. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன காரியத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கச் சொல்கிறது. ஒரு ராத்திரி தங்குவதற்கு 12 இலக்கமும் எதற்கு?

கரிசல்ராஜா:
சட்டம் சரி. ஆனால் உங்கள் நகல் இப்போதும் அந்த லாட்ஜ் ரிஜிஸ்டரில்தானே இருக்கிறது?

மீனா_திருச்சி:
ஆமாம். அதை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தரும்படி அவர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.