கடற்கரையை நெடுஞ்சாலை என்று அறிவித்த ஓரிகன் ஆளுநர்: எதற்காக அப்படிச் செய்தார்?

காட்பாடி வாசகி கேட்டது:

வணக்கம். என் தம்பி அமெரிக்காவில் போர்ட்லேண்டில் வேலை பார்க்கிறான். ஓரிகன் மாநிலத்தில் கடற்கரை எல்லாருக்கும் பொது, ஓட்டல்காரர் யாரும் வேலி போட்டு மறிக்க முடியாது என்கிறான். அதற்கு வழி செய்தவர் 1911 முதல் 1915 வரை ஆளுநராக இருந்த ஆஸ்வால்ட் வெஸ்ட். 1913இல் கடற்கரையை நெடுஞ்சாலை என்று சட்டம் போட வைத்தாராம். மணலைக் காப்பாற்ற நினைத்தவர் நேராக அப்படியே சொல்லியிருக்கலாமே, சாலை எங்கிருந்து வந்தது? இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவர், வேலூர்:

ஆளுநர் ஆவதற்கு முன்னால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று பாருங்கள் அம்மா, விடை அங்கேதான் இருக்கிறது.

1873இல் கனடாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் ஓரிகனுக்கு வந்துவிட்டது. முதலில் வங்கி வேலை. 1903இல் அப்போதைய ஆளுநர் சேம்பர்லெயின் அவரை மாநில நில முகவராக நியமித்தார். அவர் வாழ்க்கையிலேயே பெரிய திருப்பம் அதுதான் என்பேன்.

அங்கே நிலத்தை ஆறு மைல் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் 36 துண்டாக்குவார்கள். ஒரு துண்டு 640 ஏக்கர். 16, 36 ஆகிய எண் கொண்ட துண்டுகள் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. அந்தப் பள்ளி நிலத்தைத்தான் பினாமிகளை வைத்து மனு போட்டு, அடிமாட்டு விலைக்கு வளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாநிலத்தின் செனட்டர் மிட்செலே 1905இல் நில மோசடி விவகாரத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. இப்படிப் பறிபோன நிலத்தை மீட்பதுதான் வெஸ்டின் வேலை. ஒரு நிலம் காகிதத்தில் எப்படிக் கைமாறுகிறது என்பதை அக்கு வேறு ஆணி வேறாகப் பார்த்த மனிதர் அவர்.

நம் ஊர் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிவைக்கும் கிராமப் பதிவேட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். தரிசு என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பட்டா கேட்டு ஆள் மாற்றி ஆள் வருவார்கள். அதுவே வண்டிப்பாதை என்றிருந்தால் கேட்கவே தயங்குவார்கள். பள்ளிகொண்டா பக்கம் மனை போட்ட ஒருவர் அப்படிப்பட்ட பாதையின் குறுக்கே கம்பி வேலி கட்டியிருந்தார். வண்டி ஓடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வெறும் முள்காடு, இதற்குப் பெயர் பாதையா என்று எங்களிடம் சண்டை பிடித்தார். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வைத்து அளந்துகொண்டே போனோம். வேலிக்கு உள்ளே, சீமைக் கருவேல மரத்தின் அடியில் சர்வே கல் முக்கால்வாசி புதைந்து கிடந்தது. கடப்பாரையால் மண்ணைக் கிளறி, தலையில் வெட்டியிருந்த குறியைக் காட்டிய பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தில் பாதை என்று இருக்கும்வரை அது பாதைதான்.

வெஸ்ட் பிடித்ததும் இதே பிடிதான். இல்லாத சாலையை அவர் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. மலையும் காடும் வழிமறிக்கும் அந்தக் கரையில், அலை வற்றிய நேரத்தில் கெட்டியான ஈர மணல்மேல் குதிரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. வடகோடியில் உள்ள கிளாட்சாப் மாவட்டக் கடற்கரை 1899இலேயே சட்டப்படி பொதுச் சாலை. கேனன் பீச் என்ற கடலோர ஊரிலிருந்து நெஹாலம் என்ற ஊர்வரை குதிரையில் போனபோது இந்த யோசனை வந்ததாக வெஸ்ட் பின்னாளில் எழுதினார். அவர் ஜனநாயகக் கட்சி, சட்டமன்றமோ குடியரசுக் கட்சியின் கையில். கடற்கரையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியிருந்தால் அதில் கண் வைத்தவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? வரிப்பணம் ஒரு காசு செலவில்லாமல் மைல் கணக்கில் நெடுஞ்சாலை கிடைக்கிறது என்றார், ஒத்துக்கொண்டார்கள். கொலம்பியா ஆறு கடலில் சேரும் இடம் தொடங்கி கலிஃபோர்னியா எல்லைவரை, சுமார் 360 மைல். ஏற்கெனவே விற்றுப்போன பகுதிகள் மட்டும் விலக்கு.

தொரப்பாடி ஆசிரியை:

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1912இல் ஓரிகன் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அதற்காக நாற்பது ஆண்டுகளாகப் போராடிய அபிகெய்ல் ஸ்காட் டனிவேயை அழைத்து, ஆளுநர் வெளியிட வேண்டிய அறிவிப்பையே அவர் கையால் எழுத வைத்தார் வெஸ்ட். அப்போது அந்த அம்மாவுக்கு 78 வயது. நான் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லும் செய்தி இது.

அப்புறம் மரண தண்டனை. சிறைச்சாலையைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போகிறேன், அதனால் இது எனக்கு மனதில் நிற்கிறது. தூக்கை ஒழிக்க வேண்டும் என்று வெஸ்ட் கேட்டபோது 1912இல் மக்கள் வாக்களித்து மறுத்தார்கள். 1914இல் திரும்பவும் வாக்கெடுப்பு, வெறும் 157 வாக்கு வித்தியாசத்தில் ஒழிந்தது. 1920இல் மறுபடியும் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அதே 1914 ஜனவரியில், காப்பர்ஃபீல்டு என்ற சின்ன ஊரின் சாராயக் கடைகளை மூட, தன் செயலாளர் ஃபெர்ன் ஹாப்ஸை இராணுவச் சட்ட உத்தரவோடு அனுப்பினார். அந்தப் பெண்ணின் துணிச்சல் பெரிது. ஆனாலும் ஒரு ஊரின் மதுக்கடைக்கு இராணுவச் சட்டம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காட்பாடி வாசகி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஐயா, ஒரு சந்தேகம். வண்டி ஓடியது ஈர மணலில்தானே? அப்படியென்றால் மேலே இருக்கும் காய்ந்த மணல் யாருடையது?

ஓய்வுபெற்ற நில அளவர், வேலூர்:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 1913 சட்டம் வழக்கமாக அலை ஏறும் கோட்டோடு நின்றுவிட்டது. வெஸ்ட் ஒரே தவணையோடு ஆளுநர் பதவியை விட்டார், 1918இல் செனட்டுக்கு நின்று குடியரசுக் கட்சியின் மெக்னரியிடம் தோற்றார், 1960இல் காலமானார். 1966இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் காய்ந்த மணலை வேலி போட்டு, தன் விருந்தாளிகளுக்கு மட்டும் என்றார். ஊர் கொதித்தது. 1967இல் ஆளுநர் டாம் மெக்கால் புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார், பொதுமக்களின் உரிமை புல் பூண்டு முளைக்கும் கோடுவரை ஏறியது. 1969இல் மாநில உச்ச நீதிமன்றமும், மக்கள் காலங்காலமாகப் புழங்கிவந்த வழக்கத்தையே ஆதாரமாக எடுத்து அதை உறுதி செய்தது.

வழக்கம் என்றதும் எனக்குப் பாலாறுதான் நினைவுக்கு வருகிறது. கோடையில் மணலில் இறங்கி அக்கரைக்கு மாட்டு வண்டி போன தடங்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் படத்திலும் அவை ஏறவில்லை. உங்கள் பகுதியில் ஏரிக்கால்வாயோ பாதையோ சுருங்குவதாகத் தெரிந்தால், முதலில் அந்த சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. அப்புறம் புலப்பட நகலை வாங்கி அகலத்தைச் சரிபாருங்கள். மனு எழுதுவது அதற்குப் பிறகுதான்.