மேசைக்கால் உருவகமா, இல்லையா? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

வண்டிப்பெரியாறு டீச்சர்
தமிழ் மீடியத்தில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். நேர்ப்பொருள், உருவகப் பொருள் பாடத்தில் "அவன் ஒரு சிங்கம்" வரைக்கும் சிக்கல் இல்லை. அப்புறம் ஒரு பையன் எழுந்து "மேசைக்குக் கால்னு சொல்றோமே, அது எதுல சேரும் டீச்சர்?" என்றான். உடனே மற்றவர்களும் ஊசிக்காது, சீப்புப் பல், மலையடிவாரம், தேங்காய்க் கண் என்று அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அகராதியில் இருந்தால் நேர்ப்பொருள் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அந்தக் கணக்கில் பழைய உருவகமெல்லாம் நேர்ப்பொருள் ஆகிவிடும். எங்கே கோடு போடுவது? பரீட்சைக்காகக் கேட்கவில்லை, பையனுக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டும்.

கம்பம் தமிழாசிரியர்
டீச்சர், முதலில் ஆகுபெயரை, அதாவது ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவதை, தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அதில்தான். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் "தலைக்கு இவ்வளவு" என்கிறார்கள். தலை ஆளைப் போல இருக்கிறது என்றா சொல்கிறார்கள்? இல்லை, தலை ஆளின் உறுப்பு, அதனால் ஆளுக்கு ஆகி வந்தது. சினையாகுபெயர். உருவகத்துக்கு ஒப்புமை வேண்டும். உவமைக்கும் பொருளுக்கும் வேற்றுமை ஒழிந்து இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும், அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்வது அதுதான். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், அது உவமைத்தொகை; முகமலர் என்றால் முகமே மலர், அது உருவகம்.

மேசைக்கால் ஒப்புமையில் பிறந்ததுதான், ஆனால் இன்றைக்கு அது நேர்ப்பொருள். சந்தேகம் இருந்தால் "உண்மையில் இல்லை" என்று சேர்த்துப் பாருங்கள். "அவன் உண்மையில் சிங்கம் இல்லை" என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். "மேசைக்கு உண்மையில் கால் இல்லை" என்றால் கழன்றுபோச்சா என்று குனிந்து பார்ப்பார்கள்.

குமுளி ஏலக்காய்க்காரன்
ஐயா சொன்ன சோதனை நல்ல சோதனை, ஆனால் அது மட்டும் பத்தாது. பெரியாறு அணையில் தண்ணீர் 142 அடிக்கு ஏறியது என்றால் நேர்ப்பொருள், தேக்கடிக் கரையில் நின்றால் கண்ணுக்கே தெரியும். ஏலக்காய் விலை ஏறியது என்கிறோமே, புற்றடியிலோ போடியிலோ ஏலம் நடக்கும்போது எது மேலே போகிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் "விலை உண்மையில் ஏறவில்லை" என்றால் பழைய விலையே நிற்கிறது என்றுதான் வியாபாரி எடுத்துக்கொள்வார். அப்போ ஐயா கணக்குப்படி இதுவும் நேர்ப்பொருள் ஆகிவிடுகிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் விலை ஏறும், இறங்கும், சரியும், விழும், உச்சத்தில் நிற்கும் என்று ஒரு குடும்பமே இருக்கிறது, இன்னும் புதிதாகவும் சேர்த்துக்கொண்டே போகலாம். மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் இருவரும் உருவகத்தைப் பற்றி எழுதி 1980இல் வந்த புத்தகத்தில் இதைத்தான் சொன்னார்கள்: குவித்தால் குவியல் உயரும், ஊற்றினால் மட்டம் உயரும், அந்தப் பழக்கத்தில் அதிகம் என்றாலே மேலே என்று நினைக்கிறோம். மேசைக்கால், மலையடி மாதிரியானவை அவர்களுக்கும் தனியாக ஒதுங்கி நிற்கிறவைதான். நீட்டிப் பேச முடியாது. மேசைக்கு முழங்கால் வலி என்று யாரும் சொல்வதில்லை.

எஸ்டேட் நர்ஸ்
உடம்பைப் பற்றிப் பேசும்போது எந்தச் சோதனையும் நிற்பதில்லை டீச்சர். வயதான அம்மா ஒருவர் வந்து "நெஞ்ச அடைக்குதும்மா" என்பார், கூடவே மகன் வீட்டுக்கே வராத கதையும் சொல்வார். துக்கம் என்று விட்டுவிட முடியுமா? நடந்தால் கூடுதா, இடது கைக்கு இறங்குதா, வியர்க்குதா என்று கேட்போம், எதற்கும் ஈசிஜி எடுத்துவிடுவோம். சில நேரம் துக்கமும் அடைப்பும் இரண்டுமே இருக்கும். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கோடு போட்டால் எங்கள் வேலை நடக்காது.

வண்டிப்பெரியாறு டீச்சர்
எல்லோருக்கும் நன்றி. அணைத் தண்ணீர் ஏறியது, விலை ஏறியது இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, பிள்ளைகளையே வாதாட விடப்போகிறேன். மேசைக்காலுக்கு ஐயா சொன்ன பதில் போதும். ஆனால் "கோபம் தலைக்கேறியது" என்று ஒருவன் கட்டாயம் கேட்பான், கோபம் வந்தால் முகமும் காதும் நிஜமாகவே சூடாகிறதே, அதை எந்தப் பக்கம் எழுதுவது?