துருவப் பயணத்துக்கு விமானத்தை விட்டு வான்கப்பலை ஏன் நம்பினார்கள்?

கேள்வி:
1926 மே மாதம் நார்வே நாட்டுத் துருவப் பயணி அமுண்ட்சென், அமெரிக்கரான எல்ஸ்வொர்த், வான்கப்பலை வடிவமைத்த இத்தாலியர் நோபிலே உள்ளிட்ட 16 பேர் ‘நோர்கே’ வான்கப்பலில் வடதுருவத்தைக் கடந்து அலாஸ்காவை அடைந்தார்கள் என்று படித்தேன். விமானங்கள் வந்துவிட்ட காலத்தில், ஹைட்ரஜன் நிரப்பிய, வேகம் குறைந்த ஒரு கலத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதனால் அறிவியலுக்குப் பயன் ஏதும் விளைந்ததா?

மறுமொழி 1:
காரணம் அதற்கு முந்தைய ஆண்டில் இருக்கிறது. 1925இல் அமுண்ட்சென் இரண்டு பறக்கும் படகுகளில் (நீரில் இறங்கக்கூடிய விமானங்களில்) புறப்பட்டு, வட அட்சரேகை 88ஆம் பாகையை நெருங்கிய இடத்தில் உறைகடலில் இறங்கினார். ஒன்றைக் கைவிட்டு, பனியைச் செதுக்கி ஓடுபாதை அமைத்து, மற்றொன்றில் ஆறு பேரும் கிளம்புவதற்கு மூன்று வாரங்களுக்கு மேலாயிற்று. எஞ்சின் நின்றால் விமானம் இறங்கியே தீர வேண்டும். வான்கப்பலோ மிதந்துகொண்டே இருக்கும், பழுதை வானிலேயே சரிசெய்யலாம். நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து அலாஸ்காவின் டெல்லர் வரை எங்கும் இறங்காமல் ஏறத்தாழ மூன்று நாள் பறக்க அன்று வேறு கலம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 2:
மிதக்கும் என்பது சரி. பாதுகாப்பானது என்று அதற்குப் பொருளில்லை. மூடுபனிக்குள் சென்றால் கலமெங்கும் உறைபனி படியும். நோர்கேயின் சுழலிகளில் படிந்த பனிக்கட்டிகள் தெறித்து வான்கப்பலின் வெளியுறையைக் கிழித்தன. வானொலிக் கம்பி உறைந்து தொடர்பும் அற்றுப்போனது. 1928 மே 25 அன்று, துருவத்திலிருந்து திரும்பிய நோபிலேயின் ‘இத்தாலியா’ வான்கப்பல் எடை கூடித் தாழ்ந்து பனியில் மோதியது. பத்துப் பேர் பனியில் வீசப்பட, அவர்களில் ஒருவர் அங்கேயே இறந்தார். மீதி ஆறு பேரைச் சுமந்தபடி கலத்தின் வாயு உறை காற்றில் அடித்துச் செல்லப்பட்டது. அவர்கள் கிடைக்கவே இல்லை. தேடப் போன அமுண்ட்செனும் திரும்பவில்லை. இந்த விலையை ஒதுக்கிவிட்டு அந்தச் சாதனையைப் பேச என்னால் இயலாது.

மறுமொழி 3:
அறிவியல் பயனுக்கு 1931 ஜூலையைப் பார்க்க வேண்டும். எக்கெனர் செலுத்திய ஜெர்மானிய வான்கப்பல் ‘கிராஃப் செப்பெலின்’ துருவத்தைத் தொட முயலவே இல்லை. ஆர்க்டிக் தீவுக்கூட்டங்களான ஃபிரான்ஸ் ஜோசப் நிலத்தையும் செவெர்னயா செம்லியாவையும் வானிலிருந்து படமெடுத்து, நிலவரைபடத்தைத் திருத்துவதற்கான சான்றுகளுடன் திரும்பியது. மேல்வளியை அளக்கும் வானொலிக் கருவிகளைப் பலூன்களில் கட்டிக் கலத்திலிருந்தே ஏவினார்கள். நாய்வண்டியில் சென்றால் பல பருவங்கள் பிடித்திருக்கும் பணி ஒரே வாரத்தில் நடந்தது. வான்கப்பலின் உண்மையான பங்களிப்பு இதுதான் என்பது என் கருத்து.

அப்பயணத்தின் அறிவியல் தலைவரான சோவியத் ஆய்வாளர் சமோய்லோவிச், 1928இல் இத்தாலியாவின் எஞ்சியோரை மீட்ட ‘கிராசின்’ பனியுடைப்புக் கப்பலில் மீட்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். ஃபிரான்ஸ் ஜோசப் நிலத்தின் ஹூக்கர் தீவருகே செப்பெலின் கடல்மீது இறங்கியபோது எல்ஸ்வொர்த் அதில் இருந்தார். எதிரே வந்து நின்ற ‘மாலிகின்’ என்ற சோவியத் பனியுடைப்புக் கப்பலில் நோபிலே இருந்தார்.