கென்ட் சீமாட்டியோட மருந்துப் பொடி: தமிழ்ல எழுத ஹெல்ப் வேணும்

வணக்கம் மக்களே, எலிசபெத் கிரே பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன். 1582ல பிறந்து 1651ல இறந்த இங்கிலாந்து பிரபு குடும்பத்துப் பெண், கென்ட் சீமாட்டி. அவங்க சேர்த்து வச்ச மருந்துக் குறிப்புகள்னு சொல்லி 1653ல, அதாவது அவங்க போனதுக்கு அப்புறம்தான், ஒரு குட்டி புத்தகமா அச்சாகி, செமயா வித்து, திரும்பத் திரும்பப் பதிப்பு வந்துச்சு. தங்கச்சி அலித்தியா பேர்லயும் இதே மாதிரி ஒண்ணு 1655ல வந்துருக்கு, என்ன குடும்பமோ!

இப்ப நான் மாட்டிக்கிட்டது அந்தப் புத்தகத்துல வர்ற ஃபேமஸ் மருந்தான 'கென்ட் பொடி'யில. முத்து, வெள்ளைப் பவளம், அம்பர் (கல்லா இறுகுன மரப்பிசின்), மான் கொம்பு, நண்டுக் கொடுக்கோட கறுப்பு நுனின்னு லிஸ்ட் போகுது. 'நண்டுக் கண்'ணுன்னும் ஒண்ணு இருக்கு, அது கண்ணே இல்ல, நன்னீர் இறால் வகை ஒண்ணோட வயித்துல உருவாகுற சுண்ணாம்புக் கல்லாம், அதை அப்படியே 'நண்டுக் கண்'ணுன்னு போட்டா படிக்கிறவங்க குழம்பிட மாட்டாங்களா?

அதைவிடப் பெரிய தலைவலி, 'மேஜிஸ்டரி'. முத்தை வினிகர் மாதிரி புளிப்புல கரைச்சு மறுபடி தூளா படிய வைக்கிறது. சித்த மருத்துவத்துல வர்ற பற்பம்னு எழுதலாம்னு பார்த்தேன், ஆனா பற்பம் புடம் போட்டு, அதாவது நெருப்புல சுட்டு நீறாக்கி எடுக்கறதாச்சே, ரெண்டும் ஒண்ணு இல்லையே. சித்த மருத்துவம் படிச்சவங்க, கெமிஸ்ட்ரி டீச்சர்ஸ் யாராச்சும் இருந்தா பொருத்தமா ஒரு வார்த்தை சொல்லுங்களேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள கிடைச்சா புண்ணியமா போகும் 🙏